தேய்மானமா, உழுசாலா?

வணக்கம். வெடிபொருள் போன்ற படிகங்களை உரசும்போது வரும் சேதங்களுக்குத் தமிழ்ச் சொல் தேடுகையில் நீங்கள் கேட்டது இது:

> படிகத்தின் மேற்பரப்பில் வரும் சேதம் எல்லாவற்றுக்கும் ‘தேய்மானம்’ போதுமே?

போதாது. தேய்ந்தால் பொருள் குறைய வேண்டும். வைரமுனையால் ஒரு படிகத்தை மெதுவாகக் கீறி, கீறலுக்குக் குறுக்கே உயரம் அளந்து பாருங்கள்: நடுவில் பள்ளம், இருபுறமும் மேடு. பள்ளத்தின் குறுக்குவெட்டுப் பரப்பும் இரு மேடுகளின் கூட்டும் ஏறத்தாழச் சமமாக இருந்தால் எதுவும் போய்விடவில்லை, ஒதுங்கி நிற்கிறது என்று பொருள். ஏர் ஓட்டியவர்கள் இதற்குச் சொல் வைத்திருக்கிறார்கள்: உழுசால். ஒதுங்கிய மேடு வரப்பு. ‘சால்’ என்று மட்டும் விட்டால் நீர் இறைக்கும் சால் நினைவுக்கு வரும். ‘உழு’ கட்டாயம் வேண்டும்.

இந்தச் சொல் கிளைக்கவும் செய்கிறது. உராய்வை ஆராய்ந்த அறிவியலாளர்கள் போடனும் டேபரும் அதை இரண்டாகப் பிரித்தார்கள்: ஒட்டிக்கொண்ட முனைகளை அறுக்கும் விசை, மென்மையான பரப்பை உழும் விசை. அறுவிசை, உழுவிசை என்றால் முடிந்தது.

முனையின் மேல் எடையைக் கூட்டினால் காட்சி மாறும். நகரும் முனைக்குப் பின்புறம் பரப்பு இழுபடுவதால், சாலுக்குக் குறுக்கே வில்வில்லாக விரிசல் விழும். அதற்குப் ‘பிறைவிரிசல்’ என்பேன். வரப்பு உடைந்து சில்லு தெறித்தால் அப்போதுதான் தேய்மானம். கறியுப்புப் படிகம் நன்றாக உழப்படும். வெடிபொருள் படிகங்கள் பலவற்றில் நழுவுதளங்கள், அதாவது அடுக்குகள் உடையாமல் ஒன்றன்மேல் ஒன்று நழுவக்கூடிய தளங்கள், குறைவு. சால் ஆழமாகும் முன்பே விரிசல் முந்திக்கொள்ளும்.

உழுசால், பிறைவிரிசல், தேய்மானம் ஆகியவற்றோடு நான்காவதாக ‘உருகுதடம்’ வேண்டும்: உரசல் சூட்டில் பரப்பு உருகி விட்டுப்போகும் வழவழப்பான தடம். உரசும் இரண்டில் எது முதலில் உருகுமோ, அதன் உருகுநிலையே உரசல் சூட்டுக்கு உச்சவரம்பு, உருகியது மசகாகிவிடும். ஆகவே வெடிபொருளில் மணல் போன்ற துகள் கலப்பது ஆபத்தா என்பதை, துகளின் கடினத்தைவிட அதன் உருகுநிலைதான் பெரிதும் தீர்மானிக்கிறது. விரிசலற்ற வழவழப்பான தடத்தையும் தேய்மானம் என்று எழுதிவிட்டால், அங்கே எவ்வளவு சூடேறியது என்பதற்கான சான்று அறிக்கையிலிருந்தே காணாமல் போகும். பாதுகாப்பு ஆய்வில் இது சிறிய பிழை அல்ல.

—

வணக்கம் ஐயா. நான்கையும் ஏற்கிறேன். உரசலில் வெடிபொருளின் ஒரு நுண்ணிய இடம் மட்டும் சட்டென்று சூடேறுவதை ஆங்கிலத்தில் ‘ஹாட் ஸ்பாட்’ என்பார்கள்; அதற்கு முன்பு முன்மொழியப்பட்ட ‘வெம்புள்ளி’ மட்டும் உறுத்துகிறது. ‘வெம்பு’ என்று பிரித்து, பழுக்காமல் வெம்பியதாகப் படிப்பார்கள். ‘கனல்புள்ளி’யும் சரியில்லை, தீப் பிடித்துவிட்டது போல ஒலிக்கிறது. 1952-இல் போடனும், வெடிப்பு தொடங்கும் விதத்தை அவருடன் ஆராய்ந்த யாஃபியும் சொன்ன அளவு: 0.1 முதல் 10 மைக்ரோமீட்டர் அகலம், 10 மைக்ரோநொடி முதல் 1 மில்லிநொடி வரை ஆயுள், 430 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு. அதற்குள் சூடு வெளியேறிவிட்டால் எரியாமலே அணைந்துவிடும். ஆகவே ‘சூட்டுப்புள்ளி’. எரிந்ததா இல்லையா என்பதை இந்தச் சொல் முன்கூட்டியே முடிவு செய்வதில்லை.

பிறைவிரிசலில் ஒரு திருத்தம்: வில் முழுமையாக இல்லாமல் துண்டுதுண்டாக வரும்போதும் அதே பெயரையே வைத்துக்கொள்வோம். காரணம் ஒன்றுதான், இன்னொரு சொல் தேவையில்லை.