ஞானஸ்நானத்தன்று குழந்தையின் நாவில் தேன் வைக்கலாமா?

தண்டையார்பேட்டை மருமகள் (கேள்வி)

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் ஆண் குழந்தைக்கு இரண்டு மாதம் முடிந்துவிட்டது. அடுத்த மாதம் ஞானஸ்நானம் கொடுப்பதற்காக ஆயரிடம் நாள் கேட்டிருக்கிறோம். அன்று ஆராதனை முடிந்து வீடு திரும்பியதும் குழந்தையின் நாவில் தேன் தொட்டு வைத்து ஜெபிக்க வேண்டும் என்று என் மாமியார் விரும்புகிறார். பிரசவத்தின்போது சேனை வைப்பதற்கு, அதாவது பிறந்த குழந்தையின் நாவில் இனிப்பைத் தொட்டு வைப்பதற்கு, செவிலியர்கள் சம்மதிக்காத மனக்குறை அவருக்கு இன்னும் தீரவில்லை. "வெண்ணெயையும் தேனையும் சாப்பிடுவார்" என்று ஏசாயா 7:15-இல் ஆண்டவருடைய குழந்தைப் பருவத்தைப் பற்றியே எழுதியிருக்கும்போது, அதை நம் பிள்ளைக்கு மறுப்பது அவிசுவாசம் அல்லவா என்று கேட்கிறார். அவர் வேதத்தைத் தினமும் வாசிப்பவர். அவரோடு வாதாட எனக்கு மனமில்லை, ஆனால் ஒப்புக்கொள்ளவும் பயமாக இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடும் என் மாமனார், தேன் தேவன் படைத்த இனிப்பு என்பதால் தீங்கு செய்யாது என்று காலையில் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி கலந்து குடிக்கிறார். மருத்துவமும் வேதமும் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற செவிலியர், ராயபுரம்

சகோதரி, உங்கள் பயம் நியாயமானது. ஒரு வயது நிறைவடையும்வரை குழந்தைக்குத் தேன் கூடாது. ஒரு சொட்டும் கூடாது. வடசென்னையின் பிரசவ வார்டுகளில் நெடுங்காலம் பணிசெய்தபோது, பாட்டிமார்கள் முந்தானையில் முடிந்து கொண்டுவரும் சின்னக் குப்பிகளை வாங்கி வைப்பதே எங்களுக்குத் தனி வேலையாக இருந்தது. அவர்கள் அன்பினால்தான் கொண்டுவருகிறார்கள் என்பதை நாங்கள் அறிவோம்.

காரணத்தைச் சொல்கிறேன். மண்ணிலும் தூசியிலும் இருக்கும் கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் என்னும் கிருமியின் வித்துகள் தேனிலும் கலந்திருக்கக்கூடும். பெரியவர்களின் குடலில் ஏற்கெனவே குடியேறியிருக்கும் நல்ல நுண்ணுயிர்கள் அவற்றை முளைக்க விடுவதில்லை. பச்சிளங்குழந்தையின் குடலுக்கு அந்தக் காவல் இன்னும் அமையவில்லை என்பதால், வித்து அங்கே முளைத்து நஞ்சைச் சுரக்கிறது, அந்த நஞ்சு நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் கட்டளையைத் தடுத்து, மூச்சுவிடும் தசை வரைக்கும் தளர்த்திவிடுகிறது. இது அரிதாக வரும் நோய்தான். ஆனால் வந்தால் குழந்தையைச் செயற்கைச் சுவாசத்தில் வைக்க நேரிடலாம். தேனைக் காய்ச்சிக் கொடுத்தாலும் பயனில்லை, ஏனெனில் கொதிக்கும் நீரின் வெப்பத்துக்கு அந்த வித்துகள் சாவதில்லை. தூய மலைத்தேன், நாட்டுத்தேன் என்ற வேறுபாடும் இதில் கிடையாது. ஆறு மாதம்வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும், தண்ணீர்கூட, தேவையில்லை என்பதை மாமியாரிடம் சொல்லுங்கள்.

மாமனாரின் காரியம் வேறு. தேனில் ஏறக்குறைய எண்பது விழுக்காடு சர்க்கரை, மீதியில் பெரும்பகுதி நீர். ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 17 கிராம் சர்க்கரையும் 64 கலோரியும் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் தேன் மற்றச் சர்க்கரைகளோடு சேர்த்தே கணக்கிடப்படுகிறது. அவர் குடிக்கும் அளவு அந்த நிறுவனம் ஒரு நாளைக்கு விரும்பத்தக்கது என்று சொல்லும் 25 கிராமைக் காலை உணவுக்கு முன்பே தாண்டிவிடுகிறது. அதுவும் நோயில்லாதவர்களுக்கான கணக்கு.

வேதபாட வகுப்பு ஆசிரியர், பெரம்பூர்

அம்மா மேற்கோள் காட்டும் வசனத்தை அதே அதிகாரத்தின் 22-ஆம் வசனத்தோடு சேர்த்து வாசிக்கும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன். தேசத்தின் நடுவில் மீதியாயிருப்பவனெவனும் வெண்ணெயையும் தேனையும் சாப்பிடுவான் என்று அங்கே எழுதியிருக்கிறது. அசீரியரின் படையெடுப்பால் வயல்கள் முள்ளும் புதருமாகி, பயிரிட ஆளின்றி, கால்நடை தரும் பாலும் காட்டில் கிடைக்கும் தேனுமே உணவாக மிஞ்சும் காலத்தைத் தீர்க்கதரிசி சொல்லுகிறார். ஆகவே அது தேசத்தின் நிலையைக் காட்டும் அடையாளம். தாய்மாருக்குக் கொடுக்கப்பட்ட பாலூட்டும் முறை அன்று. பிள்ளைக்கு விருத்தசேதனம் செய்யும் நாளைத் திட்டமாகக் கட்டளையிட்ட நியாயப்பிரமாணத்தில், பிள்ளையின் வாயில் தேன் வைக்கும் கட்டளை எங்கும் இல்லை. அதற்கு மாறாக, லேவியராகமம் 2:11-இல், தகனபலியில் தேனைச் சேர்க்கக்கூடாது என்றே கர்த்தர் சொல்லியிருக்கிறார்.

வேதம் தேனைப் புகழாமலும் இல்லை. நீதிமொழிகள் 24:13 அதைச் சாப்பிடச் சொல்லுகிறது. அடுத்த அதிகாரத்தின் 16-ஆம் வசனம் மட்டாய்ச் சாப்பிடச் சொல்லி, மிஞ்சினால் வாந்தி வரும் என்கிறது. சகோதரியின் மாமனாருக்கு முதல் வசனம் மட்டும் மனப்பாடமாக இருக்கிறது என்று நினைக்கிறேன். யோனத்தானின் கதையையும் அவரிடம் சொல்லலாம். நாள் முழுதும் உண்ணாமல் போரிட்டுச் சோர்ந்தவன், கோலின் நுனியைத் தேன்கூட்டில் தோய்த்து வாயில் வைத்தவுடன் அவன் கண்கள் தெளிந்தன என்று 1 சாமுவேல் 14 கூறுகிறது. தேன் அத்தனை விரைவில் இரத்தத்தில் கலக்கிறது என்பதற்கு அந்த அதிகாரமே சாட்சி.

பழைய வண்ணாரப்பேட்டைப் பெரியவர்

எனக்கு எழுபது வயது கடந்துவிட்டது. எனக்கும் என் பிள்ளைகளுக்கும் தேன் வைத்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆதித் திருச்சபையிலேயே ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குப் பாலும் தேனும் கொடுத்ததாக எங்கள் பங்குத்தந்தை ஒருமுறை மறையுரையில் சொன்னாரே, அது தவறா? எல்லாவற்றுக்கும் கிருமி என்று பயந்தால் நம் மரபில் என்னதான் மிஞ்சும்?

வேதபாட வகுப்பு ஆசிரியர், பெரம்பூர்

ஐயா, உங்கள் பங்குத்தந்தை சொன்னது உண்மையே. கி.பி. 200-ஐ ஒட்டி எழுதிய கிறிஸ்தவ ஆசிரியர் தெர்த்துல்லியன் அவ்வழக்கத்தைக் குறிப்பிடுகிறார். பாலும் தேனும் ஓடுகிற தேசத்துக்குள் விசுவாசி பிரவேசித்ததன் அடையாளமாகவே அது கொடுக்கப்பட்டது, உடல்நலத்துக்காக அன்று. பின்னர் மேற்கத்தியத் திருச்சபையில் அது வழக்கொழிந்தும் போனது, அதனால் எவருடைய ஞானஸ்நானமும் குறைபட்டதாகத் திருச்சபை எண்ணவில்லை. வீட்டின் மூத்தவர்கள் குழந்தையின் தலையில் கைவைத்து ஆசீர்வதிப்பதற்கோ ஆண்டவரே மாதிரியாக இருக்கிறார். மாற்கு 10:16-ஐ அம்மாவுக்கு வாசித்துக் காட்டலாம். விரும்பினால் குடும்பத்தார் தேன் கலந்த பாயசம் உண்ணட்டும்.

ஓய்வுபெற்ற செவிலியர், ராயபுரம்

பெரியவருக்கு ஒரு வார்த்தை. பிழைத்தவர்கள்தான் எழுபது வயதில் வந்து சொல்ல முடியும், ஐயா. அந்நாட்களில் பிறந்த சில வாரங்களில் இறந்த குழந்தைகளுக்கு என்ன நோய் என்று யார் எழுதி வைத்தார்கள்?

தேனை முழுதுமாக விலக்கச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். ஒரு வயது கடந்த பிள்ளைக்குச் சளி இருமல் வந்தால், உறங்கும்முன் அரைத் தேக்கரண்டி முதல் ஒரு தேக்கரண்டி வரை கொடுப்பது இருமலைத் தணிக்கிறது. தேவையற்ற இருமல் சிரப்புகளைவிட நான் இதையே பரிந்துரைப்பேன். மாமனாருக்கும் எப்போதாவது சர்க்கரை தாழ்ந்து கைநடுக்கமும் வியர்வையும் வந்தால், விழுங்கும் நினைவு இருக்கும் பட்சத்தில் ஒரு மேசைக்கரண்டி தேன் உதவும். தீப்புண்ணுக்கு மருத்துவமனைகளில் பயன்படுத்தும் தேன் கதிர்வீச்சால் கிருமிநீக்கம் செய்யப்பட்டது. சமையலறைக் குப்பியிலிருந்து எடுத்துச் சர்க்கரை நோயாளியின் கால்புண்ணில் தடவுவது ஆபத்தானது.

மார்த்தாண்டத்துக்காரர், இப்போது மாதவரம்

நல்ல தேனைப் பற்றியும் கொஞ்சம் சொல்லத் தோன்றுகிறது. நம் நாட்டு அடுக்குத்தேனீக்கு ஏற்ற பெட்டியை 1910-களில் அமைத்துத் தந்தவர் நியூட்டன் பாதிரியார். இன்றும் அது நியூட்டன் பெட்டி என்றே வழங்குகிறது. எங்கள் ஊரில் 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. வழியாகத் தேனீ வளர்ப்பைப் பரப்பியவர் ஸ்பென்சர் ஹேட்ச். தண்ணீரில் சொட்டுவிடுவது, தீக்குச்சியில் தடவிக் கொளுத்துவது போன்ற வீட்டுச் சோதனைகளை நம்ப வேண்டாம். கலப்படப் பாகும் அவற்றில் தேறிவிடும். 2020-இல் தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 நிறுவனங்களின் தேனை ஆராய்ந்தபோது, கலப்படப் பாகைக் கண்டுபிடிக்கும் என்.எம்.ஆர். என்னும் ஆய்வகச் சோதனையில் 3 மட்டுமே தேறியதாக அறிவித்தது. நிறுவனங்கள் அதை மறுத்தன. தேன் உறைந்துவிட்டால் கலப்படம் என்று கொட்டிவிடாதீர்கள், குளுக்கோஸ் மிகுந்த தேன் இயல்பாகவே உறையும்.

தண்டையார்பேட்டை மருமகள்

அனைவருக்கும் நன்றி. ஏசாயா 7:22-ஐ மாமியார் தாமே வாசித்துவிட்டு, "அப்படியானால் ஜெபம் மட்டும் செய்கிறேன்" என்றார். ஆனால் சென்ற வாரம் அழுகையை நிறுத்த என் நாத்தனார் சூப்பானில் தேன் தடவிக் கொடுத்ததாக இன்றுதான் தெரிந்தது. குழந்தை நன்றாகத்தான் பால் குடிக்கிறான்.

ஓய்வுபெற்ற செவிலியர், ராயபுரம்

பதற வேண்டாம், சகோதரி. தேன் பட்ட பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றும் நேர்வதில்லை. எனினும் அறிகுறி தோன்றச் சில வாரங்கள் ஆகலாம் என்பதால், ஒரு மாதம் கவனித்துக்கொள்ளுங்கள். முதலில் பெரும்பாலும் மலச்சிக்கல் வரும். பிறகு பால் உறிஞ்சும் வலு குறையும், அழுகை மெலியும், இமை சரியும், தலை நிற்காமல் துவளும். இவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் ஸ்டான்லி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் சென்று, தேன் கொடுத்த நாளையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். நாத்தனாரைக் காட்டிக்கொடுப்பதாக எண்ணி அதை மறைத்துவிட வேண்டாம்.