ஃப்ளட்டர் ஆண்ட்ராய்டு பில்ட் நின்றுவிட்டது: "மேஜர் வெர்ஷன் 65"

மின்மினி (கேள்வி)

வணக்கம். 2023-இல் தொடங்கிய ஃப்ளட்டர் (ஒரே டார்ட் மொழிக் கோடிலிருந்து ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் ஆப் இரண்டும் எடுக்கும் கருவி) ப்ராஜெக்ட். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை லேடிபக் பதிப்புக்கு ஏற்றியதிலிருந்து ஏபிகே (ஆண்ட்ராய்டில் நிறுவும் ஆப் ஃபைல்) எடுக்க முடியவில்லை. டார்ட் கோடில் ஒரு வரிகூட மாறவில்லை. வரும் எரர்:

"அன்சப்போர்ட்டட் கிளாஸ் ஃபைல் மேஜர் வெர்ஷன் 65"

கிரேடில் (ஆண்ட்ராய்டு பில்டை ஓட்டும் கருவி) 7.5, அதற்கான ஆண்ட்ராய்டு கிரேடில் ப்ளகின் 7.3.0, காட்லின் (ஆண்ட்ராய்டு பக்கக் கோடின் மொழி) 1.7.10. ஃப்ளட்டர் கிளீன் மூன்று முறை போட்டாயிற்று. ஜாவா இருக்குமிடத்தைச் சொல்லும் ஜாவா_ஹோமை ஜாவா 17-க்கு மாற்றியும் அதே எரர்தான். ஐஓஎஸ் பில்ட் மட்டும் ஒழுங்காக வருகிறது.

கொக்கி

விடை அந்த 65-லேயே இருக்கிறது. கிளாஸ் ஃபைல் (கம்பைல் ஆன ஜாவா கோடு) எண்ணிலிருந்து 44-ஐக் கழியுங்கள், ஜாவா பதிப்பு கிடைக்கும். 61 என்றால் 17, 65 என்றால் 21. லேடிபக் தன்னோடு ஜேடிகே (ஜாவா கருவித் தொகுப்பு) 21-ஐக் கொண்டுவருகிறது. உங்கள் கிரேடில் 7.5-க்கு ஜாவா 18 வரைதான் தெரியும். ஜாவா 21-இல் ஓட கிரேடில் 8.5 ஆவது வேண்டும். ஐஓஎஸ் பக்கம் கிரேடிலே கிடையாது, அதனால் அங்கே சிக்கல் இல்லை.

ஜாவா_ஹோம் ஏன் எடுபடவில்லை? ஃப்ளட்டர் ஜாவாவைத் தேடும் வரிசை இது: முதலில் நீங்கள் கான்ஃபிக்கில் கொடுத்த ஜேடிகே, பிறகு ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவுக்குள் இருப்பது, அதற்கும் பிறகே ஜாவா_ஹோம். "ஃப்ளட்டர் டாக்டர் -வி" ஓட்டினால் எந்த ஜாவாவை எடுக்கிறது என்று பாதையோடு காட்டும். கிளீன் அழிப்பது பில்ட் கோப்புறையையும் டார்ட்_டூல் கோப்புறையையும்தான். பதிப்புப் பொருத்தமின்மைக்கு அது மருந்தே அல்ல.

இன்றே ரிலீஸ் போக வேண்டுமென்றால், ஜேடிகே 17 நிறுவி "ஃப்ளட்டர் கான்ஃபிக் --ஜேடிகே-டிர்" கட்டளையில் அதன் பாதையைக் கொடுங்கள். இது அந்தக் கணினியில் உள்ள எல்லா ஃப்ளட்டர் ப்ராஜெக்டுக்கும் பொருந்தும், கவனம். ஸ்டுடியோவுக்குள் நடக்கும் கிரேடில் சிங்க் இதைக் கேட்காது. அதற்கு செட்டிங்ஸில் பில்ட் டூல்ஸ், கிரேடில் பக்கம் போய் "கிரேடில் ஜேடிகே"யைத் தனியாக மாற்ற வேண்டும்.

பனங்காய்

கொக்கி சொன்னது தற்காலிக ஒட்டு. என்றைக்காவது ஏற்றத்தான் வேண்டும். கிரேடில் 8.7, ஆண்ட்ராய்டு ப்ளகின் 8.6.0, காட்லின் 1.9.24 என்று மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒவ்வொன்றாக ஏற்றினால் ஒவ்வொரு படியிலும் புது எரர் வரும்.

கிரேடில் எண் ரேப்பர் ப்ராப்பர்ட்டீஸ் ஃபைலில், டிஸ்ட்ரிபியூஷன் யூஆர்எல் வரியில் இருக்கும். மற்ற இரண்டும் உங்கள் ப்ராஜெக்டில் ஆண்ட்ராய்டு கோப்புறையின் பில்ட்.கிரேடிலில் இருக்கும். ஃப்ளட்டர் 3.16-க்குப் பிறகு உருவாக்கியவற்றில் செட்டிங்ஸ்.கிரேடிலுக்குப் போய்விட்டது.

ஆண்ட்ராய்டு ப்ளகின் 8.0, 8.1 என்று பாதியில் நிற்காதீர்கள். 8.2.1-க்குக் கீழே ஜாவா 21 வைத்தால் "ஜேலிங்க்" பெயரோடு வேறொரு எரர் வரும். அதைப் பார்த்து எஸ்டிகே (ஆண்ட்ராய்டு கருவித் தொகுப்பு) கெட்டுவிட்டது என்று திரும்ப இறக்குகிறவர்கள் நிறைய.

மின்மினி

மூன்றையும் ஏற்றினேன். 65 போய்விட்டது. இப்போது "நேம்ஸ்பேஸ் நாட் ஸ்பெசிஃபைட்" வருகிறது. ஆப்பின் பில்ட்.கிரேடிலில் நேம்ஸ்பேஸ் (மாட்யூலின் பேக்கேஜ் பெயர்) சேர்த்த பிறகும் போகவில்லை.

பனங்காய்

எரரில் உள்ள மாட்யூல் பெயரைப் பாருங்கள். ஆப் அல்ல, பப் (ஃப்ளட்டர் பேக்கேஜ் களஞ்சியம்) வழியாக நீங்கள் சேர்த்த பழைய ப்ளகின் ஒன்றாக இருக்கும். ஆண்ட்ராய்டு ப்ளகின் 8 முதல் ஒவ்வொரு மாட்யூலும் தன் பில்ட்.கிரேடிலில் நேம்ஸ்பேஸ் சொல்லியே ஆக வேண்டும். மேனிஃபெஸ்டில் (ஆண்ட்ராய்டு விவர ஃபைல்) பேக்கேஜ் இருந்தால் போதும் என்ற காலம் முடிந்துவிட்டது.

முதலில் அந்தப் ப்ளகினின் புதுப் பதிப்பு இருக்கிறதா பாருங்கள். கைவிடப்பட்டது என்றால் ஃபோர்க் செய்து (சொந்தப் பிரதி எடுத்து), நேம்ஸ்பேஸ் சேர்த்து, பப்ஸ்பெக்கில் கிட் முகவரியாகக் கொடுங்கள். பப் கேஷுக்குள் நேரடியாகத் திருத்தாதீர்கள். உங்கள் கணினியில் ஓடும், சிஐ (தானியங்கி பில்ட்) சர்வரில் உடையும்.

கொக்கி

ஃபோர்க் செய்ய நேரமில்லையென்றால், வெளிப் (ஆண்ட்ராய்டு கோப்புறையின்) பில்ட்.கிரேடிலில் சப்ப்ராஜெக்ட்ஸ், அதற்குள் ஆஃப்டர்இவாலுவேட் போட்டு, நேம்ஸ்பேஸ் காலியாக இருந்தால் ப்ராஜெக்ட்.குரூப்பை வைக்கச் சொல்லலாம். "இவாலுவேஷன்டிபெண்ட்ஸ்ஆன்" வரிக்கு மேலே இதை வையுங்கள். கீழே வைத்தால் ப்ராஜெக்ட் ஏற்கெனவே இவாலுவேட் ஆகிவிட்டது என்று மறுக்கும். குரூப் பெயரும் மேனிஃபெஸ்டின் பேக்கேஜ் பெயரும் வேறாக இருக்கும் ப்ளகின்களில் இந்த வித்தை பலிக்காது.

மின்மினி

ப்ளகினின் புதுப் பதிப்பே இருந்தது, ஏற்றிவிட்டேன். அடுத்தது: "இன்கன்சிஸ்டென்ட் ஜேவிஎம்-டார்கெட்", ஜாவா 1.8, காட்லின் 21. இது இன்னொரு ப்ளகினில்.

கொக்கி

அந்தப் ப்ளகின் ஜேவிஎம்-டார்கெட்டை (எந்த ஜாவா பதிப்புக்குக் கம்பைல் செய்வது என்பதை) ஜாவாவுக்கு 1.8 என்று எழுதிவைத்து, காட்லினுக்கு எதுவுமே சொல்லாமல் விட்டிருக்கும். சொல்லாவிட்டால் காட்லின் ஓடுகிற ஜேடிகேயின் எண்ணை எடுத்துக்கொள்ளும். முன்பு இது வெறும் எச்சரிக்கை, கிரேடில் 8-இல் எரர். உங்கள் ஆப்பின் கம்பைல்ஆப்ஷன்ஸை மாற்றினால் ப்ளகினுக்கு அது போய்ச் சேராது. ப்ளகினிலேயே காட்லின்ஆப்ஷன்ஸில் ஜேவிஎம்டார்கெட் 1.8 வர வேண்டும். அதுவரை தாக்குப்பிடிக்க கிரேடில்.ப்ராப்பர்ட்டீஸில் "காட்லின்.ஜேவிஎம்.டார்கெட்.வேலிடேஷன்.மோட்=வார்னிங்".

மின்மினி

வார்னிங் வரி சேர்த்ததும் ஏபிகே வந்துவிட்டது. ப்ளகினை ஃபோர்க் செய்து திருத்திய பிறகு அந்த வரியை எடுத்துவிடுகிறேன். இருவருக்கும் நன்றி.