மறு: 'சிறந்த சறுக்கு வேகம்' – வேறு நல்ல சொல் உண்டா?

> சிறு விமானத்தில் இன்ஜின் நின்றுவிட்டால் மிக அதிகத் தூரம் போவதற்கான வேகத்தை 'சிறந்த சறுக்கு வேகம்' என்று பயிற்சிக் குறிப்பில் எழுதியிருக்கிறேன். 'வழுக்கு வேகம்', 'மிதவை வேகம்' என்றும் யோசனைகள் வந்தன. எது சரி?

வணக்கம்.

மூன்றுமே வேண்டாம் என்பது என் கட்சி. சறுக்கு, வழுக்கு இரண்டுக்கும் விமானத்தில் ஏற்கெனவே வேலை இருக்கிறது. திருப்பத்தில் வால் வெளிப்பக்கம் வீசிப் போனால் அது சறுக்கல்; ஈர ரோட்டில் பைக்கின் பின்சக்கரம் போவதுபோல. தாழ்ந்த இறக்கையின் பக்கமாக விமானம் நழுவினால் வழுக்கல். உயரத்தைச் சட்டென்று குறைக்க விமானிகள் வேண்டுமென்றே வழுக்குவதும் உண்டு.

1983 ஜூலை 23 அன்று கனடாவில் நடந்ததைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். பவுண்டையும் கிலோவையும் குழப்பிக்கொண்டதால், ஏர் கனடாவின் போயிங் 767 நடுவானில் எரிபொருள் தீர்ந்து நின்றது. கேப்டன் பாப் பியர்சன் ஓய்வு நேரத்தில் கிளைடர் (இன்ஜின் இல்லாத விமானம்) ஓட்டுபவர். 220 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) சரியாக இருக்கும் என்று தானே ஊகித்து, இன்ஜின் இல்லாமலே கிம்லி என்ற பழைய விமானப்படைத் தளம்வரை கொண்டுவந்தார். அங்கே உயரம் அதிகமாக இருந்தது. உடனே விமானத்தைப் பக்கவாட்டில் வழுக்கவிட்டு உயரத்தைக் கரைத்து இறக்கினார். முதலில் செய்தது தூரத்தைக் கூட்ட, பிறகு செய்தது உயரத்தைக் கரைக்க. இரண்டையும் 'வழுக்கு' என்றே எழுதினால் அவருடைய திறமை எங்கே தெரியும்?

'மிதவை'யிலும் சிக்கல். தரையைத் தொடப்போகும் நேரத்தில் வேகம் மிச்சமிருந்தால் விமானம் ஓடுபாதைக்கு மேலேயே போய்க்கொண்டிருக்கும். அதைத்தான் மிதத்தல் என்று சொல்ல வேண்டும். வேறு சொல் அதற்குக் கிடைக்காது.

சரி, அப்புறம் என்னதான் வைப்பது? மலைப்பாதையில் சைக்கிளை மிதிக்காமல் விடுகிறோமே, நடப்பது அதேதான். இன்ஜினின் இழுப்பு போனபின் விமானத்தின் எடையே அதைச் சரிவில் இழுத்துக்கொண்டு போகிறது. என்ன, இந்தச் சரிவை விமானி தானே அமைத்துக்கொள்கிறார். அதனால் சரிவோட்டம் என்கிறேன். பங்குச்சந்தைச் சரிவு நினைவுக்கு வரத்தான் செய்யும். பரவாயில்லை, விமானமும் இறங்கத்தானே செய்கிறது.

இதைவிட எனக்கு உறுத்துவது 'சிறந்த'. எதில் சிறந்தது? தூரத்திலா, நேரத்திலா? விளக்கத்துக்காக எண்களை நானே போடுகிறேன். இன்ஜினை ஐடிலில் வைத்து, ஒவ்வொரு வேகத்தையும் நிலையாகப் பிடித்து, 500 அடி இறங்க எத்தனை விநாடி என்று ஸ்டாப்வாட்சில் பார்க்கிறோம். 55 நாட்டில் 45 விநாடி, 65 நாட்டில் 41, 80 நாட்டில் 30 என்று வைத்துக்கொள்வோம். அதிக நேரம் காற்றில் இருந்தது 55 நாட்டில். தூரம் பார்த்தால் கதை மாறுகிறது: 55 நாட் என்றால் விநாடிக்குச் சுமார் 93 அடி, ஆக ஏறத்தாழ 4,180 அடி. 65 நாட்டில் 4,500 அடி. 80 நாட்டில் 4,050தான். ஒரு அடி இறங்க ஒன்பது அடி முன்னே போவது 65 நாட்டில் மட்டுமே. வேகத்தைக் கிடையாகவும் இறங்கும் வீதத்தைக் கீழ்நோக்கியும் வைத்து வரைபடம் போட்டால், மூலப்புள்ளியிலிருந்து இழுக்கும் தொடுகோடு தொடும் இடம் அது. வளைகோட்டின் உச்சிதான் குறைந்த இறக்கம். (ஐடிலில் புரொப்பெல்லர் சுற்றிக்கொண்டிருப்பதால், நின்றுபோன இன்ஜினுக்கு இதே எண் அப்படியே பொருந்தாது.)

காரணம் இழுவையில், அதாவது விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும் காற்றுத் தடையில் இருக்கிறது. மெதுவாகப் போனால், தூக்குவிசைக்குக் கூலியாக வரும் இழுவை கூடும். விரைந்தால், உடம்பு காற்றைக் கிழிப்பதால் வரும் இழுவை கூடும். இரண்டும் சமமாகும் வேகத்தில் மொத்த இழுவை மிகக் குறைவு, சரிவும் அங்கேதான் மிகத் தணிவு. குறைந்த இறக்கத்துக்கான வேகம் கணக்குப்படி அதில் 0.76 மடங்கு.

ஆகவே தூரத்துக்கு நெடுஞ்சரிவு வேகம், நேரத்துக்கு மெல்லிறக்க வேகம். பெயரைப் பார்த்ததும் எது எதற்கு என்று தெரிந்துவிடும். ஓடுபாதை எட்டாது போலத் தோன்றினால் மூக்கைத் தூக்கச் சொல்லிக் கை தானாகப் போகும். நானும் பயிற்சியில் அதைச் செய்து திட்டு வாங்கியவன். மூக்கைத் தூக்கினால் நெடுஞ்சரிவு வேகத்துக்குக் கீழே போய்விடுவோம். எட்டியிருக்கக்கூடிய இடமும் எட்டாது.

> 'நெடுஞ்சரிவு' நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எதிர்காற்று அடித்தால் அந்த வேகத்தில் அதிகத் தூரம் போக முடியாதே? எடை குறைந்தாலும் எண் மாறுமே? பெயர் பொய் சொல்லாதா?

ஐயா, நியாயமான கேள்வி. எடையை முதலில் பார்ப்போம். செஸ்னா 172எஸ் கையேடு சொல்லும் 68 நாட், முழு எடையான 2,550 பவுண்டுக்கு. எடையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வேகம் மாறும். 2,000 பவுண்டில் சுமார் 60 நாட். சரிவின் சாய்வு மட்டும் மாறாது, அதனால் பெயர் நிற்கும்.

காற்று விஷயத்தில் நீங்கள் சொல்வதே சரி. எதிர்காற்றில் கொஞ்சம் விரைய வேண்டும், பின்காற்றில் கொஞ்சம் தணியலாம். வரையறையில் 'அசைவற்ற காற்றில்' என்று சேர்த்துவிடுகிறேன்.

இன்னொன்று. 172எஸ்ஸுக்கு மெல்லிறக்க வேகம் கணக்கில் 52 நாட் அளவில் வரும். மடல் (இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஃபிளாப்) இறக்காமல் அந்த விமானம் 48 நாட்டிலேயே ஸ்டால் ஆகும், அதாவது இறக்கையின் தூக்குவிசை போதாமல் போய்விடும். எனவே பயிற்சிக் குறிப்பில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எண் எதுவும் போட வேண்டாம்.

ஸ்டாலுக்குத் தமிழ்ச் சொல்லை அடுத்த இழையில் வைத்துக்கொள்வோம். 'தூக்கிழப்பு' என்று ஒருவர் சொன்னார், எனக்குத் தூக்கம் போனதுபோலக் கேட்கிறது.