மறுமொழி: ‘ரெம்பிராண்ட் லைட்டிங்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

எல்லோருக்கும் வணக்கம்.

டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் பெயரால் வழங்கும் ‘ரெம்பிராண்ட் லைட்டிங்’ என்ற புகைப்பட ஒளியமைப்புக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழை நீண்டுவிட்டது. வந்த பரிந்துரைகளை ஒட்டிவிட்டு என் கருத்தைச் சொல்கிறேன்.

> ஒளியிருள்

அழகான சொல்தான். ஆனால் அதை ‘கியாரஸ்கூரோ’வுக்கு வைத்துக்கொள்ளலாம். இருட்டிலிருந்து உருவத்தை ஒளியால் பிதுக்கி எடுக்கும் அந்தப் பெரிய பாணிக்கு ரெம்பிராண்ட் மட்டும் சொந்தக்காரர் இல்லை. அதில் பேர்போன இத்தாலிய ஓவியர் கரவாஜியோ 1610இல் இறந்தபோது ரெம்பிராண்ட் லைடன் நகரில் நான்கு வயதுப் பிள்ளை. நாம் பெயர் தேடுவது அதைவிடச் சின்ன விஷயத்துக்கு, ஒரு விளக்கை எங்கே நிறுத்துவது என்பதற்கு.

> அரைமுக ஒளி

இது ‘ஸ்பிளிட் லைட்டிங்’குக்குப் பொருந்தும். விளக்கு நேர் பக்கவாட்டில் நின்றால் முகம் சரிபாதியாக வெட்டுப்படும். ரெம்பிராண்ட் லைட்டிங்கில் விளக்கு சுமார் 45 டிகிரி பக்கமாக, கண்மட்டத்துக்கு மேலே நிற்கும். மூக்கின் நிழல் சரிந்து கன்னத்து நிழலோடு போய்ச் சேரும். அப்போது இருண்ட பக்கத்துக் கண்ணுக்குக் கீழே தலைகீழ் முக்கோணமாக ஒரு துண்டு வெளிச்சம் மிஞ்சும். அந்த முக்கோணம் கண்ணைவிட அகலமாகவும் மூக்கைவிட நீளமாகவும் போகக் கூடாது என்பது ஸ்டூடியோக்காரர்களின் பழைய கணக்கு. ஒரு விளக்கு, எதிரே வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு தெர்மோகோல் அட்டை இருந்தால் போதும். கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையைத் தனியாக நிறுத்தி எடுக்கிற படத்திலும் இது வந்துவிடுகிறது.

> ரெம்பிராண்ட் ஒளி

‘ராமன் விளைவு என்கிறோமே, இதற்கு மட்டும் ஆள் பெயரை ஏன் நீக்க வேண்டும்?’ என்று நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் ராமன் விளைவு ராமன் கண்டது. இந்தப் பெயரோ ஹாலிவுட் பரப்பியது. 1915இல் இயக்குநர் செசில் பி. டிமில் ஒரு படத்தில் நடிகரின் முகத்தைப் பாதி இருட்டில் விட்டு எடுத்தார். பிற்காலத்தில் கோல்ட்வின் என்று பெயர் மாற்றிக்கொண்ட சாமுவேல் கோல்ட்ஃபிஷ்தான் அப்போது அவருடைய படங்களின் விற்பனையைப் பார்த்துக்கொண்டிருந்தவர். பாதி முகத்தைக் காட்டினால் தியேட்டர்காரர்கள் பாதிப் பணம்தான் தருவார்கள் என்று அவர் பதறினாராம். இது ரெம்பிராண்ட் லைட்டிங் என்று டிமில் பதில் அனுப்பியதும், அப்படியானால் இரண்டு மடங்கு வாங்கலாம் என்று குளிர்ந்துவிட்டாராம். டிமிலே பின்னாளில் சொன்ன கதை, கொஞ்சம் உப்பு காரம் சேர்ந்திருக்கலாம். எப்படியோ, விற்பதற்காக எடுத்துவிட்ட பெயர் ஒளிப்பதிவுப் பாடமாக நிலைத்துவிட்டது.

ஓவியரிடமே போய்ப் பார்த்தாலும் அந்த முக்கோணம் எல்லாப் படத்திலும் கிடையாது. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் அவர் சுமார் 1628இல் வரைந்த சின்னத் தன்னுருவம் இருக்கிறது. உயரம் 23 செ.மீ.கூட வராது. கழுத்திலும் காதிலும் கன்னத்து ஓரத்திலும் வெளிச்சம் விழ, கண்கள் இரண்டும் நிழலுக்குள் கிடக்கின்றன. ஈர வண்ணத்தைத் தூரிகையின் பின்முனையால் கீறிச் சுருள்முடி காட்டியிருக்கிறார். பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. ஆனால் இன்று ஒரு போட்டோ வகுப்பில் இதைக் காட்டினால் ‘இது ரெம்பிராண்ட் லைட்டிங் இல்லை’ என்பார்கள்.

அதனால் கண்ணுக்குத் தெரிகிற அடையாளத்தை வைத்துப் பெயரிடலாம் என்பது என் கட்சி. என் பரிந்துரை: கன்னவொளி. ‘கன்னமுக்கோண ஒளியமைப்பு’ என்று முழுதாக நீட்டினால் லைட்மேன் வாயில் நுழையாது. ஓவிய வரலாறு எழுதும்போது ரெம்பிராண்டின் ஒளி என்று தாராளமாக எழுதுவோம், அது வேறு இடம்.

> ‘கன்னம்’ என்றால் திருடன் சுவரில் போடும் ஓட்டை என்றும் பொருள் உண்டே!

உண்டு. கன்னக்கோலும் உண்டு. நிழலுக்குள் வெளிச்சம் கன்னம் வைத்து நுழைகிறது என்று வைத்துக்கொண்டால் சொல்லுக்கு இன்னும் பலம்தான். வேடிக்கை கிடக்கட்டும், முகத்தைப் பற்றிய பேச்சில் யாரும் குழம்ப மாட்டார்கள்.

இதில் அவசரமும் இருக்கிறது. இப்போது செயற்கை நுண்ணறிவிடம் படம் கேட்கிறவர்கள் வரிக்கு வரி ‘ரெம்பிராண்ட் லைட்டிங்’ என்று தட்டுகிறார்கள், விளக்கையே தொட்டிராதவர்களும்கூட. தமிழில் கேட்கிறவருக்கு ஒரு சொல் வேண்டாமா? ஓவியர் பெயரும் நிரந்தரமில்லை. இங்கிலாந்தின் முதலாம் சார்லஸ் மன்னரை வரைந்த ஓவியர் வான் டைக்கின் பெயரில் ஆங்கிலத்தில் ஒரு தாடி உண்டு. நம்மூர் சலூனில் கேட்டால் ‘பிரெஞ்ச் தாடிதானே சார்’ என்று கத்தரியை எடுத்துவிடுவார்.

கூட்டாளிச் சொற்களையும் இதே முறையில் முடித்துவிடலாம். ஸ்பிளிட்டுக்கு அரைமுக ஒளி. மூக்கின் கீழே பட்டாம்பூச்சி போல நிழல் விழும் வகைக்குப் பட்டாம்பூச்சி ஒளி. லூப் லைட்டிங்தான் இடிக்கிறது. அதில் மூக்கு நிழல் கன்னத்து நிழலைத் தொடாமல் சின்ன வளைவாக நின்றுவிடும். ‘வளைநிழல் ஒளி’ என்று எழுதிப் பார்த்தேன், நிழலும் ஒளியும் ஒரே சொல்லில் முட்டிக்கொள்கின்றன. வேறு தோன்றினால் இந்த இழையிலேயே இடுங்கள்.