புதுப்பிப்பு: 1966 காரின் இக்னிஷன் பூட்டு சரியாகிவிட்டது

என் 1966 அமெரிக்கக் காரை ஸ்டார்ட் செய்யும் இக்னிஷன் பூட்டில் சாவி சிக்குகிறது, பூட்டையே மாற்றிவிடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். மாற்றத் தேவையே இல்லை! பேட்டரி இணைப்பைக் கழற்றி, சாவியை ‘ஆக்சஸரி’ நிலைக்கு (எஞ்சின் ஓடாமல் ரேடியோ போன்றவை மட்டும் இயங்கும் நிலை) திருப்பி, பூட்டின் முகப்பிலுள்ள சிறு துளையில் மெல்லிய கம்பியை அழுத்தியதும் சாவி நுழையும் உருளை வெளியே வந்தது. (ஜெனரல் மோட்டார்ஸ் 1969 மாடல்களில் பூட்டை டாஷ்போர்டிலிருந்து ஸ்டீயரிங் தண்டுக்கு மாற்றியது, அவற்றில் வேலை அதிகம்.) உள்ளே பழைய எண்ணெயும் தூசியும் பிசினாக இறுகியிருந்தன. கழுவி உலர்த்தி, கிராஃபைட் தூள் மட்டும் இட்டேன். எண்ணெய் விடாதீர்கள், மறுபடியும் தூசியைப் பிடிக்கும்.

சாவியும் தேய்ந்திருந்தது. தேய்ந்த சாவியை நகலெடுத்தால் தேய்மானமும் சேர்ந்தே வரும். ஆகவே சாவியின் அசல் வெட்டு அளவைக் குறிக்கும் குறியீட்டு எண்ணைக் கொடுத்து, அசல் அளவில் புதிய சாவி வெட்டச் சொன்னேன். தொழிற்சாலையில் பொருத்திய பூட்டு அப்படியே காரில் நிலைத்ததில் எனக்கு அளவற்ற மகிழ்ச்சி.