இசைக்குழுவுக்கு ஆளின் பெயர் வைக்கலாமா?

வணக்கம், வெள்ளவத்தையில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு இசைக்குழு தொடங்கியிருக்கிறோம், அடுத்த மாதம் ஒரு கல்யாணத்தில் முதல் நிகழ்ச்சி, பெயர்தான் இன்னும் முடிவாகவில்லை. பாடுகிற தம்பியின் பெயரையே வைப்போம், சந்தானா, பான் ஜோவி மாதிரி ராக் இசைக்குழுக்கள் எல்லாம் அப்படித்தானே என்கிறார்கள் மற்றவர்கள். சரி, அவன் நாளைக்கு வெளிநாடு போய்விட்டால்?

எனக்கு ஃப்ளீட்வுட் மேக் என்ற இங்கிலாந்து ராக் இசைக்குழுவின் கதைதான் மனதில் நிற்கிறது. 1967-இல் அதைத் தொடங்கிய பீட்டர் கிரீன் தன் பெயரை விட்டுவிட்டு, ட்ரம்ஸ் வாசித்த மிக் ஃப்ளீட்வுட், பேஸ் கிட்டார் ஜான் மக்வீ இருவரின் பெயரையும் சேர்த்து வைத்தார், 1970-இல் அவர் விலகியபோதும் பெயர் அப்படியே நின்றது. எவ்வளவு பெரிய மனசு!

இங்கே குழு நடத்தியவர்கள் சொல்லுங்கள், பெயருக்குரிய ஆள் போனபின் என்ன செய்தீர்கள்? வெள்ளிக்கிழமைக்குள் போஸ்டருக்குப் பெயர் கொடுக்க வேண்டும்.