மெஷின் 48 காட்டியது, 10,000 போனது: இந்த அபராதம் நியாயமா?

பேட்டை லோடு ஆட்டோ:
போன மாதம் முக்கூடல் பக்கம் மச்சினன் ஊரில் சுடலைமாடன் கோயில் கொடைவிழா. மதியம் கிடாக்கறிச் சாப்பாடு, அதோடு குடிக்கவும் செய்தேன். பொய் சொல்லவில்லை. சாயங்காலம் தூங்கி எழுந்து, மோர் குடித்து, தெளிவாகத்தான் இரவு 9 மணிக்கு வண்டியை எடுத்தேன். வீடு வந்து சேரும் முன்பே நிறுத்தி ஊதச் சொன்னார்கள். மெஷின் 48 காட்டியது. கோர்ட்டில் 10,000 கட்டினேன். வண்டி ஸ்டேஷனில் பதினோரு நாள் நின்றது. டீசல் போக ஒரு நாளைக்கு 700 கையில் நின்றால் எனக்குப் பெரிய விஷயம். யார் மேலேயும் இடிக்கவில்லை. பெரிய காரில் வருகிறவருக்கும் 10,000, எனக்கும் 10,000. இது என்ன கணக்கு?

பாளை வக்கீல்:
அண்ணாச்சி, மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 185, நீங்கள் தள்ளாடினீர்களா என்று கேட்பதே இல்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். 2019 செப்டம்பருக்கு முன்னால் முதல் தடவைக்கு அபராதம் ‘2,000 வரை’ என்று இருந்தது. அந்த ‘வரை’யை வைத்து மாஜிஸ்திரேட் ஆளைப் பார்த்துக் குறைக்க முடிந்தது. திருத்தத்தில் அந்தச் சொல்லையே எடுத்துவிட்டார்கள். இப்போது 10,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் 15,000, சிறை இரண்டு வருடம் வரை. ஏழைக்கும் வசதியானவருக்கும் ஒரே தொகை என்பதில் உங்கள் வருத்தம் நியாயமானது. நானும் அதை ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இது ரோட்டிலேயே பணம் கட்டித் தீர்க்கிற கேஸ் இல்லை, கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். யாராவது அங்கேயே காசு கேட்டால் கொடுக்காதீர்கள். கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் காட்ட வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும்.

வள்ளியூர் நர்ஸ்:
வக்கீல் சார் சட்டத்தைச் சொன்னார், நான் உடம்பைச் சொல்கிறேன். ஈரல் ஒரு மணி நேரத்தில் சுமார் 15 மில்லிகிராம் அளவைத்தான் குறைக்கும். மோர், எலுமிச்சை, கட்டங்காப்பி, குளியல் எதுவும் அதை வேகப்படுத்தாது. தூங்கி எழுந்தால் தெளிந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். இரவு 9 மணிக்கு 48 என்றால், நாலு மணி நேரம் முன்பு 100க்குப் பக்கத்தில் இருந்திருப்பீர்கள். யார் மேலேயும் இடிக்கவில்லை என்கிறீர்கள். அன்றைக்கு எதிரே யாரும் வரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

2018இல் நாங்குநேரி பக்கம் நாலுவழிச் சாலையில் என் தம்பி பைக்கில் போனான். பின்னால் வந்த காரை ஓட்டியவர் குடித்திருந்தார். அவரும் ‘நிதானமாகத்தான் இருந்தேன்’ என்றுதான் சொன்னார். கேஸ் முடிய நாலு வருஷம் ஆனது. அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். எங்க அம்மா இன்னும் ராத்திரி பைக் சத்தம் கேட்டால் எழுந்து வாசலுக்குப் போகிறாள்.

அம்பை இளவட்டம்:
அக்கா, உங்கள் துக்கத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மதியம் 12 மணியிலிருந்து இரவு 10 மணி வரை விற்கிறது அரசாங்கம். குடித்தவன் வீட்டுக்குப் போக ராத்திரி கிராமத்துக்கு பஸ் கிடையாது. கடையையும் திறந்து வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி மெஷினோடு நிற்பது எப்படி நியாயம்?

வள்ளியூர் நர்ஸ்:
கடையை மூடச் சொல்லிப் போராட்டம் நடந்தால் நான் முதல் ஆளாக வருவேன், தம்பி. ஆனால் கடை திறந்திருக்கிறது என்பதற்காக வண்டிச் சாவியை எடுக்க வேண்டியதில்லை. கொடை வீட்டில் படுக்க ஒரு பாய் கிடைக்காதா?

பேட்டை லோடு ஆட்டோ:
டீச்சர் மாதிரி கணக்குப் போட்டுக் காட்டிவிட்டீர்கள், அக்கா. தம்பி விஷயம் படித்து மனசு கெட்டுப்போச்சு. மோர் குடித்தால் இறங்கிவிடும் என்று எங்க அப்பா காலத்திலிருந்து நம்பிக்கொண்டிருக்கிறோம். நான் வண்டியை எடுத்தது தப்பு, சரி. ஆனாலும் அபராதம் வருமானத்தைப் பார்த்து இருக்க வேண்டும் என்பதை விடமாட்டேன். பெரிய காரில் வருகிறவருக்கு 10,000 ஒரு டேங்க் பெட்ரோல் மாதிரி, ரெண்டு டேங்க் மாதிரி. அது வலிக்கவே வலிக்காது.

பாளை வக்கீல்:
அவருக்கு வலிக்கிற இடம் வேறு, அண்ணாச்சி. விபத்தாகிவிட்டால், குடித்திருந்தார் என்று சொல்லி அவருடைய கார் சேதத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுக்கலாம். ஊதிப் பார்த்த ரிப்போர்ட் இல்லாவிட்டாலும் மற்ற சாட்சியங்களை வைத்து மறுக்கலாம் என்று 2021இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. உயிர் போனால் கவனக்குறைவு என்ற கணக்கிலேயே இப்போது ஐந்து வருடம் வரை சிறை. 2024 ஜூலைக்கு முன்னால் அது இரண்டு வருடம்தான். நர்ஸ் அம்மாவின் தம்பி கேஸ் அந்தப் பழைய கணக்கில் போனது.

உங்களுக்கு இன்னும் லைசென்ஸ் நோட்டீஸ் வரவில்லையா?

பேட்டை லோடு ஆட்டோ:
நேற்று வந்தது சார். மூணு மாசம் நிறுத்தி வைப்போமாம், விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

பாளை வக்கீல்:
சொன்ன தேதிக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். குடும்ப நிலைமையை மறைக்காமல் எழுதுங்கள். நிறுத்தி வைத்தால் அந்த மூன்று மாதம் வண்டியைத் தொடாதீர்கள். அதை மீறி ஓட்டினால் இன்னொரு 10,000, மூன்று மாதம் வரை சிறையும் உண்டு.

வள்ளியூர் நர்ஸ்:
அதுவரை லோடுக்கு யார் போவார்கள், அண்ணாச்சி?

பேட்டை லோடு ஆட்டோ:
சித்தப்பா மகன் வருகிறேன் என்றிருக்கிறான். தினம் 400 அவனுக்கு. அவன் குடிக்க மாட்டான், அக்கா. அதைக் கேட்டுக்கொண்டுதான் சாவியைக் கொடுத்தேன்.